டீமன் ஸ்லேயர் அனிமேல ஹீரோ தஞ்சிரோவோட ரெண்டு வருஷ ட்ரெயினிங்கை ஒரே எபிசோட்ல முடிச்சுட்டாங்களே, அதை ஏன் இன்னும் தூக்கி வச்சுப் பேசறாங்க?

முதல்லயே சொல்லிடறேன், ஸ்பாய்லர் இருக்கு. முதல் சீசன்ல 4வது எபிசோட் வரைக்கும் பாக்காதவங்க பாத்துட்டு வாங்க, பதில் எங்கயும் ஓடிடாது.

கேள்வி கேட்டவர் சொல்றது இதுதான்: 3வது எபிசோட்ல பையன் மலையில ஓடறான், விழறான், எழுந்துக்கறான், நடுவுல முகமூடி போட்ட ரெண்டு பேர் எங்கருந்தோ வந்து அவனை அடி பின்றாங்க, கடைசில பாறை பிளக்குது, சுபம். பசங்களுக்காக எடுக்கற எல்லா சண்டை அனிமேலயும் (ஷோனென்ம்பாங்க) இருக்கறதுதானே, இதுல என்ன பெருசா. 2025 செப்டம்பர்ல இதே கதையோட இன்ஃபினிட்டி காசில் படம் தமிழ் டப்போட தியேட்டருக்கு வந்தப்புறம் எங்க செட்டுல கூட நாலஞ்சு பேர் திரும்பப் போய் முதல் சீசனை ஆரம்பிச்சாங்க, அவங்களும் இதே இடத்துலதான் "மச்சான் ஃபைட்டு எப்படா வரும்"னு மெசேஜ் போட்டாங்க. சோ கேள்வி நியாயமானதுதான்.

என் பதில் என்னன்னா, அந்த ட்ரெயினிங்கை நடத்துற பெரியவருக்கு தஞ்சிரோ பாஸ் ஆகறதுல துளிகூட இஷ்டம் கிடையாது. அவன் தோத்துட்டு, ஊரைப் பாத்துப் போய், உயிரோட இருந்தா போதும்னுதான் அவர் நினைக்கறார். அதை மனசுல வச்சுட்டு அந்த எபிசோடை இன்னொரு தடவை ஓட விட்டுப் பாருங்க, ஒவ்வொரு சீனும் வேற மாதிரி தெரியும்.

கொஞ்சம் பின்னாடி போவோம். கதை நடக்கறது ஜப்பான்ல தைஷோ காலத்துல, 1912க்கு அப்புறம். மலையில கரி சுட்டு வித்து குடும்பத்தைப் பாத்துக்கற 13 வயசுப் பையன் தஞ்சிரோ. ஒரு நாள் ராத்திரி வீட்டுக்கு வர முடியாம வெளிய தங்கறான், காலையில வந்து பாத்தா குடும்பமே செத்துக் கிடக்கு, தங்கச்சி நெசுகோ மட்டும் அரக்கியா மாறி உயிரோட இருக்கா. டொமியோகா கியூன்னு ஒரு வாள்வீரன் அவங்களைக் கொல்லாம விட்டுட்டு, சகிரி மலையடிவாரத்துல இருக்கற உரோகோடாகி சகோன்ஜியைப் போய்ப் பாருன்னு அனுப்பறான். இந்த உரோகோடாகி ஒரு காலத்துல நீர்த் தூணா இருந்தவர், அதாவது அரக்கர்களைக் கொல்ற படையில உச்சியில இருக்கற ஆட்கள்ல ஒருத்தர். இப்போ வயசாகி, மூஞ்சில எப்பவும் தெங்குங்கற நீள மூக்கு பூதத்தோட சிவப்பு முகமூடி.

அவர் தஞ்சிரோகிட்ட முதல் முதல்ல கேக்கற கேள்வி ஞாபகம் இருக்கா? உன் தங்கச்சி ஒரு மனுஷனைத் தின்னுட்டா நீ என்ன பண்ணுவே. பையன் திணர்றான். பளார்னு ஒரு அறை. முடிவெடுக்க நேரம் எடுத்துக்கறியே அதுதான் உன் குறை, தங்கச்சியைக் கொன்னுட்டு நீயும் வயித்தைக் கிழிச்சுட்டு சாகணும், அதுதான் பதில்ங்கறார். அன்னைக்கு ராத்திரியே பனிமூட்டமா இருக்கற மலை மேல கூட்டிட்டுப் போய் விட்டுட்டு, விடியறதுக்குள்ள கீழ வீட்டுக்கு வந்து சேருன்னு சொல்லிட்டு மறைஞ்சுடறார். பையனுக்கு மோப்ப சக்தி ஜாஸ்தி, இதென்ன பிரமாதம்னு கிளம்பறான், கால் வச்ச இடமெல்லாம் பொறி. கல்லு பறந்து வருது, குழி இருக்கு, மூங்கில் வந்து முதுகுல சாத்துது, அவன் வளர்ந்த மலையை விட இங்க காத்து கம்மி, மூச்சு வாங்குது. விடியக்காலையில கதவைத் தள்ளிட்டு உள்ள விழறான். சரி, உன்னைச் சேத்துக்கறேன்ங்கறார் அவர். இதெல்லாம் 2வது எபிசோட்.

இனி நம்ம 3வது எபிசோட், 2019 ஏப்ரல்ல வந்தது. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் டைரி. நெசுகோ தூங்கிட்டா, எழுந்திருக்கவே மாட்டேங்கறா, வைத்தியர் வந்து பாத்துட்டு உடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டுப் போயிடறார். அவ எப்போ எழுந்தாலும் படிச்சுக்கட்டும்னு அண்ணன்காரன் தினமும் எழுதறான். இன்னைக்கும் மலையிலேர்ந்து இறங்கினேன், பொறியெல்லாம் இப்போ இன்னும் கொடூரமா இருக்கு, நிஜமாவே கொல்லப் பாக்கறார்ங்கற மாதிரி. ட்ரெயினிங் முழுக்க அந்த டைரியோட குரல்லதான் நமக்கு வருது. அதனாலதான் மாசங்கள் வேகமா ஓடினாலும் அவசரமா ஓட்டின மாதிரி தோணல. ராத்திரி அந்தப் பொண்ணு பக்கத்துல படுத்துக்கிட்டு, காலையில எழுந்து பாக்கறப்போ இவ செத்துப் போயிருந்தா என்ன பண்றதுன்னு ஒரு நாள் விடாம பயப்படறான். உடம்பு படற பாட்டை விட இந்த பயம்தான் எனக்கு அதிகமா ஒட்டிச்சு, நான் எங்க வீட்ல பெரிய பையன், அதனாலயும் இருக்கலாம்.

பயிற்சின்னு பாத்தா படிப்படியா போகுது. முதல்ல சும்மா இறங்கறது. அப்புறம் கையில வாளோட இறங்கறது, அங்கதான் மறுபடி பொறியில மாட்ட ஆரம்பிக்கறான், ஏன்னா வாள் இடைஞ்சலா இருக்கு. இறங்கி முடிச்சதும் கை கழண்டு விழற அளவுக்கு வாள் வீச்சு. அப்புறம் எப்படி விழணும்னு கத்துக்கறது, இவன் நிஜ வாளோட பாயறான், அவர் வெறுங்கையோட நின்னு தூக்கித் தூக்கி எறியறார், ஒரு தடவை கூட அவர் மேல இவனால கை வைக்க முடியல. அப்புறம் சண்டைக்கான மூச்சு முறை. வயித்துல படார் படார்னு அடிச்சு, இங்க தப்பு, அங்க தப்பு, வயித்துல வலுவைக் கொண்டு வான்னு திட்டறார். அப்புறம் தண்ணியோட தண்ணியா ஆகுன்னு தண்ணிக்குள்ள.

இதுல வாள் பத்தி ஒரு பாடம் வரும், நிறைய பேர் காதுல விழாம போற இடம். ஜப்பான் வாள் நேர்வாக்குல எவ்வளவு வேணா தாங்கும், பக்கவாட்டுல பட்டா உடைஞ்சுடும், அதனால வெட்டற திசையும் நீ கொடுக்கற பலமும் ஒரே கோட்டுல இருக்கணும்னு சொல்லிட்டு, வாளை நீ உடைச்சா உன் எலும்பை உடைப்பேன்னு குரலைத் தாழ்த்திச் சொல்வார். முதல் தடவை பாக்கறப்போ கண்டிப்பான வாத்தியார், நமக்கும் சிரிப்பு வரும். அந்த முகமூடி ஆட்கள்ல ஒருத்தன் சபிடோ, அடுத்த எபிசோட்ல அவன் எப்படி செத்தான்னு காட்டறாங்க பாருங்க, அரக்கன் கழுத்துல வீசறான், வாள் உடையுது, அவ்வளவுதான், முடிஞ்சது. அதுக்கப்புறம் நான் திரும்ப வந்து இந்த எலும்பு டயலாக்கைக் கேட்டப்போ சிரிப்பு வரல.

ஒரு வருஷம் ஆகுது. இனி உனக்குச் சொல்லித் தர என்கிட்ட ஒண்ணும் இல்லைன்னுட்டு, கயிறு கட்டின ஒரு பாறை முன்னாடி கொண்டு போய் நிறுத்தறார். பையனை விட உயரம். இதை வெட்டு, வெட்டினா அரக்கர்களைக் கொல்ற படையில சேர்றதுக்கான இறுதித் தேர்வுக்கு அனுப்பறேன். தஞ்சிரோ மனசுக்குள்ள கேக்கறான், பாறைங்கறது வாளால வெட்டற பொருளா? பெரியவர் திரும்பிப் பாக்காம போயிடறார், அன்னையிலேர்ந்து ஒரு வார்த்தை கூட சொல்லித் தரல.

இங்க டைரி இன்னொரு விதத்துல கை கொடுக்குது. தங்கச்சிக்காக எழுதினது இப்போ அவனுக்கே நோட்ஸ் ஆயிடுது, அதைப் பாத்து முதல்லேர்ந்து ஒவ்வொண்ணா திரும்பப் பண்றான். ஆறு மாசம். ஒண்ணும் நடக்கல. உள்ளுக்குள்ள நொறுங்கப் போறான், அந்தக் கட்டத்துல முயற்சி பண்ணு முயற்சி பண்ணுன்னு கத்திக்கிட்டு பாறையில மண்டையை மோதறான். நெத்தியில ஏற்கனவே தழும்பு இருக்கற பையன் அதே நெத்தியால கல்லை முட்டறது கொஞ்சம் காமெடியாவும் இருக்கு, பாக்கவும் முடியல.

"கத்தாதே"ன்னு மேலேர்ந்து ஒரு குரல். பாறை மேல நரி முகமூடியோட ஒருத்தன் உக்காந்திருக்கான், அதான் சபிடோ. ஆம்பளைன்னா வலியை வாயை மூடிட்டுத் தாங்குங்கறான் (இந்த ஆம்பளை ஆம்பளை வசனமெல்லாம் எனக்கு ஒவ்வாத ஏரியா, ஆனா அந்தக் காலத்துப் பையன் அப்படித்தான் பேசுவான்னு விட்டுட்டேன்). அவன் கையில மரவாள், தஞ்சிரோ கையில நிஜ வாள். உனக்கு அடிபட்டுடுமேன்னு தஞ்சிரோ கவலைப்படறான், அவன் விழுந்து விழுந்து சிரிக்கறான், நீ என்னைத் தொடவே முடியாது, நான் பாறையை வெட்டினவன்ங்கறான். சொன்ன மாதிரியே ஒரே அடி, தாடையில. கீழ விழறதுக்கு முன்னாடி அவன் சொன்னதுதான் மொத்த எபிசோடுக்கும் சாரம்: நீ எதையும் கத்துக்கல, அதெல்லாம் உனக்கு வெறும் தகவலாத்தான் தெரியும், உன் உடம்புக்கு ஒண்ணும் தெரியாது.

கார் ஓட்டக் கத்துக்கற முதல் மாசம் யோசிச்சுப் பாருங்க, கிளட்ச் ஆக்ஸிலரேட்டர் எல்லாம் மண்டையில பக்காவா இருக்கும், மேட்டுல சிக்னல்ல நின்னா வண்டி ஆஃப் ஆயிடும். அதையேதான் அவன் சொல்றான். டைரியில இருக்கற ஒவ்வொரு வரியும் சரி, ஆனா எல்லாம் டைரியிலதான் இருக்கு.

அப்புறம் மகோமோ வர்றா. அதிகம் பேசாத பொண்ணு, தஞ்சிரோ தப்பு பண்ற இடம், தேவையில்லாத அசைவு எல்லாத்தையும் பொறுமையா திருத்தறா. எப்படி இவ்வளவு வலு வந்ததுன்னு கேட்டா, சாகற அளவுக்கு உழைக்கணும், கடைசில அது ஒண்ணுதான் வழிங்கறா. ரகசிய டெக்னிக் எதுவும் கிடையாது. எங்களுக்கு உரோகோடாகியை ரொம்பப் பிடிக்கும்னு அடிக்கடி சொல்லுவா. நாங்க ரெண்டு பேரும் அனாதைங்க, அவர்தான் வளர்த்தார், இங்க இன்னும் வேற பிள்ளைகளும் இருக்காங்க, எல்லாரும் உன்னைப் பாத்துட்டே இருக்காங்கன்னு சொல்றப்போ, ஓ இவருக்கு நிறைய சிஷ்யர்கள் போலன்னு நாமளும் கடந்து போயிடறோம்.

இன்னொரு ஆறு மாசம். தினமும் தோல்வி. கடைசி நாள் சபிடோ மரவாளை விட்டுட்டு நிஜ வாளோட நிக்கறான். நேருக்கு நேர் மோதறப்போ வேகம்தான் கணக்கு, முதல் தடவையா தஞ்சிரோ வாள் முந்திடுது. முகமூடி ரெண்டா விழுது, உள்ள இருக்கற முகம் அழற மாதிரி, சந்தோஷப்படற மாதிரி, நிம்மதியான மாதிரி சிரிக்குது. மகோமோ ஜெயிச்சுடு தஞ்சிரோ, "அவன்" கிட்டயும்னு சொல்லிட்டு மறைஞ்சுடறா. பனி விலகுது. முகமூடியை வெட்டின வாள் நிக்கறது பாறைக்கு நடுவுல. பாறை ரெண்டா கிடக்கு.

இந்த இடம் சும்மா கற்பனைன்னு நினைக்காதீங்க, ஜப்பான்ல இதுக்கு வேர் இருக்கு. நாரா பக்கத்துல யாக்யூன்னு ஒரு மலைக்கிராமம், அங்க ஒரு கோவில் காட்டுக்குள்ள சுமார் 7 மீட்டர் பாறை நடுவுல சீவின மாதிரி பிளந்து கிடக்கு. 16ம் நூற்றாண்டுல வாழ்ந்த யாக்யூ முனேயோஷிங்கற வாள்வித்தை ஆசான் ஒரு ராத்திரி தெங்குவோட சண்டை போட்டு அதை வெட்டினாராம், விடிஞ்சு பாத்தா தெங்கு இல்ல, வெட்டுப்பட்ட பாறைதான் இருந்துச்சாம். அப்படியே இந்த சீன். அனிமே ஹிட் ஆனதுக்கப்புறம் ரசிகர்கள் அங்க போய், வாள் வெட்டற போஸ்ல போட்டோ எடுத்துட்டு வர்றாங்க. தெங்குன்னா மூக்கு நீண்ட, மலையில திரியற ஒரு வகை பூதம். கியோட்டோவுக்கு வடக்க குராமா மலையில மினமோட்டோ நோ யோஷிட்சுனேங்கற வீரனுக்கு சின்ன வயசுல வாள் சொல்லிக் கொடுத்தது தெங்குதான்னு அவங்க ஊர்ல பழைய கதையே உண்டு. அதனால மலை, பனி, சிவப்பு முகமூடி போட்ட வாத்தியார் எல்லாம் ஒரு ஜப்பான்காரருக்குப் பாத்த உடனே புரியற விஷயம், நமக்குத்தான் யாருடா இந்த மூக்குக்கார தாத்தான்னு இருக்கும்.

சரி, இஷ்டமில்லாத வாத்தியார் மேட்டருக்கு வரேன். பாறை பிளந்ததும் பெரியவர் வந்து நிக்கறார். பாராட்டுவார்னு பாத்தா, உன்னை அனுப்பற எண்ணமே எனக்கு இல்ல, இன்னொரு பிள்ளை சாகறதைப் பாக்க முடியாது, இந்தப் பாறையை உன்னால வெட்டவே முடியாதுன்னு நினைச்சேன்ங்கறார். முடியாதுன்னு தெரிஞ்சே வச்ச பாறை. அடிச்சது, எறிஞ்சது, பொறியில கத்தி வச்சது, ஒரு வருஷம் வாய் பேசாம இருந்தது, எல்லாம் அவன் வெறுத்துப் போய் விட்டுட்டுப் போகட்டும்னுதான்னு நான் எடுத்துக்கறேன். ஏன்னு 4வது எபிசோட் சொல்லும். இறுதித் தேர்வு நடக்கற ஃபுஜிகசானே மலையில 7 நாள் உயிரோட இருக்கணும். அங்க உடம்பு முழுக்கக் கையா இருக்கற ஒரு பழைய அரக்கன், உரோகோடாகி பிடிச்சு அடைச்சது, மகோமோ சொன்ன "அவன்" இதுதான். அந்தக் கோவத்துல, அவரோட சிஷ்யர்களை மட்டும் தேடித் தேடித் தின்னுது. எப்படிக் கண்டுபிடிக்கும்? பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு அவர் காப்பு மாதிரி செதுக்கிக் கொடுத்து அனுப்பற நரி முகமூடிதான் அடையாளம். விரல் விட்டு எண்ணுது, இதுவரைக்கும் 13, உன்னோட சேத்து 14ன்னு.

அந்த 13ல சபிடோவும் மகோமோவும் இருக்காங்க. ஆறு மாசமா இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது செத்துப் போன பிள்ளைங்க. தேர்வுக்குக் கிளம்பறப்போ தஞ்சிரோ கையை ஆட்டிட்டு, சபிடோவுக்கும் மகோமோவுக்கும் என் நன்றியைச் சொல்லிடுங்கன்னு கத்திட்டு ஓடுவான். பெரியவர் அப்படியே நிப்பார், செத்துப் போன பிள்ளைங்க பேரு இவனுக்கு எப்படித் தெரியும்னு. எனக்குப் பிடிச்ச சீன் எதுன்னு கேட்டா பாறை இல்ல, இதுதான். வாத்தியார் அனுப்ப மாட்டேங்கறார், அவர் பறிகொடுத்த பிள்ளைங்களே இவனைத் தயார் பண்ணி அனுப்பறாங்க, அவருக்கு அது தெரியவே தெரியாது.

குறையே இல்லையான்னா இருக்கு. கண்ணால காட்டினதையே வாயாலயும் சொல்ற வியாதி இந்த சீரிஸ் முழுக்க உண்டு, மூச்சு முறையை மகோமோ விளக்கற இடத்துல ரத்த ஓட்டம், இதயத் துடிப்பு, உடம்புச் சூடுன்னு பாடமே நடக்குது. எதிரியை எங்க வெட்டலாம்னு காட்டற "நூல்" வாசனையால தஞ்சிரோவுக்குத் தெரியறதும் கொஞ்சம் திடீர்னு வந்து ஒட்டிக்குது, அதை மெதுவா வளர்த்திருக்கலாம். ஆனா இதை எடுத்த யூஃபோடேபிள் ஸ்டூடியோ அந்தப் பனியையும் பனிக்குள்ள வர்ற வாள் சத்தத்தையும் வச்சு அதையெல்லாம் மறக்க வச்சுடறாங்க. சபிடோவுக்கு காஜி யூகி குரல், வயசுக்கு மீறின ஒரு கண்டிப்பு அதுல இருக்கும், தமிழ் டப் பாக்கறவங்க அந்த ஒரு எபிசோடையாவது ஜப்பான் ஆடியோவுல பாருங்க.

மத்த அனிமேயோட ஒப்பிடணும்னா மை ஹீரோ அகாடமியாவுல ஹீரோ பையன் டெக்கு 10 மாசம் கடற்கரையில குப்பை அள்ளுவான், அதுவும் நல்ல எபிசோட்தான், ஆனா அங்க அவனோட வாத்தியார் ஆல் மைட் முதல் நாள்லேர்ந்து பையன் பக்கம் நிக்கறார், டயட் சார்ட் வரைக்கும் போட்டுக் கொடுக்கறார். உரோகோடாகி சார்ட் போடற ஆள் கிடையாது.

டீமன் ஸ்லேயருக்குள்ளயே பாத்தா, 2024 மே-ஜூன்ல வந்த ஹஷிரா (அதாவது தூண்) ட்ரெயினிங் சீசன் முழுக்கப் பயிற்சிதான், 8 எபிசோட். தூண்கள் ஒவ்வொருத்தர்கிட்டயும் போறான், ஓட விடறது, வளைய விடறது, கடைசில பாறைத் தூண் கியோமெய்கிட்ட அருவிக்கு அடியில உக்காரறது, ஆளை விடப் பெரிய பாறையை ஒரு சோ தூரம், அதாவது சுமார் 109 மீட்டர் தள்ளறது. பாக்க ஜாலியா இருக்கு, காசு கொட்டி எடுத்திருக்காங்க, ஆனா அங்க அவன் தோத்துட்டா என்ன ஆகும்ங்கற பயம் நமக்கு வரவே வராது, அதனாலதான் 24 நிமிஷத்துல வந்த 3வது எபிசோட் அளவுக்கு அது நிக்கலைங்கறது என் கருத்து. உங்களுக்கு நேரம் இல்லைன்னா அந்த சீசன்ல நடுவுல இருக்கறதைக் கொஞ்சம் தாண்டிக்கலாம், கடைசி எபிசோடை மட்டும் விட்டுடாதீங்க, இன்ஃபினிட்டி காசில் படம் அது முடிஞ்ச இடத்துலேர்ந்துதான் ஆரம்பிக்குது.